முதல் கியர் மேலே

முழங்காலுக்குள் ஒரு தகடு, ஆறு திருகாணி.
தொண்ணூறு பாகைக்கு மேல் மடங்காது என்றார் டொக்டர்.
வண்டியை விற்றுவிடுங்கள் என்பதை
இரண்டு தடவை சொன்னார்,
இரண்டாம் தடவை இங்கிலீஷில்.

விராகோ, இருநூற்றைம்பது.
முந்தின சொந்தக்காரன் டாங்கியில் ஒட்டிய கழுகு
பாதி உரிந்து கோழியாகிவிட்டது.
மிதிகள் இருக்கைக்கு நேர் கீழே,
கால் மடக்கத் தெரிந்தவர்களுக்கு.
அதில்தான் நான்
கிளினிக் கிளினிக்காய் இரத்தம் சேர்ப்பேன்:
ஐஸ் பெட்டி, பெயர் எழுதிய சின்னக் குழாய்கள்,
மட்டக்குளி தொடங்கி நாரஹேன்பிட்டி வரை,
பதினொரு மணிக்குள்.

பஞ்சிகாவத்தையில் நிஸ்தார்
ஏன் எதற்கு என்று கேட்கவில்லை.
"ஏறி இரிங்க. கால நீட்டுங்க. இன்னும்.
நோகுற இடத்துக்குக் கொஞ்சம் முன்னுக்கே நிப்பாட்டுங்க."
குதிக்காலுக்குக் கீழே செங்கல் அடுக்கினான்,
இரண்டு, அதன்மேல் ஒரு பழைய டெலிபோன் புத்தகம்,
பிறகு அதில் பாதியைக் கிழித்து எடுத்தான்.
நூல் பிடித்தான்.
மிதி வரவேண்டிய இடத்தில் இரும்பு இன்னும் இல்லாததால்
என் சப்பாத்தின் அடியில்
வெள்ளைப் பெயிண்டால் ஒரு கோடு போட்டான்.
எதிர்க் கடைக்காரர் தேத்தண்ணீரோடு வந்து பார்த்தார்.
ஓடாத வண்டி, மேலே ஒரு பொம்பிளை,
செங்கலில் ஒரு கால்.
"என்ன நிஸ்தார், சிலை வைக்கப் போறியா?"

மூன்று நாள்.
சட்டகத்தின் முன்குழாயில் இரண்டு தாங்கிகள்.
கியர் கம்பி ஒரு சாணும் நாலு விரலும் நீண்டது,
இரு முனையிலும் உருண்டை மூட்டு.
"இதுவும் முழங்கால்தான்," என்றான்,
"ஆனா இதுக்கு கிறீஸ் காணும்."
பிரேக் கம்பி சைலன்சரில் உரசியது,
வெட்டினான், வளைத்தான், திரும்ப வெட்டினான்.
பின்விளக்கின் ஸ்பிரிங் எட்டவில்லை.
குடைக் கம்பியில் ஒரு கொக்கி.
பழைய மிதிகள் இருந்த ஓட்டைகளுக்கு
கறுப்பு ரப்பர் மூடி,
என் குழாய்களுக்குப் போடுகிற அதே மாதிரி.

ஓடிப் பார்த்தேன்.
முதலாவதுக்கு என்று மிதித்தால் இரண்டாவது விழுகிறது,
வண்டி இருமி நிற்கிறது.
மேலே தூக்கினால்தான் முதலாவது,
மற்ற நாலும் கீழே.
நிஸ்தார் நெற்றியில் அடித்துக்கொண்டான்.
"கையத் தலைகீழாப் பூட்டிட்டேன். பத்து நிமிசம்."
ஸ்பேனரோடு குனிந்தான்.

எனக்குக் கிளின்டன் ஞாபகம் வந்தான்.
தம்பி. கேட்காமல் எடுப்பான்,
பெட்ரோல் இல்லாமல் கொண்டுவந்து விடுவான்.
நான் கட்டிலில் கிடந்த நாலு மாதமும்
"ஓடாம விட்டா எஞ்சின் பழுதாகும் அக்கா" என்று
இரவிரவாய் எஞ்சினைக் காப்பாற்றியவன்.

"இருக்கட்டும்," என்றேன்.
"பிழையாவே இருக்கட்டும்."

சனிக்கிழமை, இரவு பத்தரை.
ஜம்பட்டா வீதியில் ஏழு தடவை நின்றுபோனானாம்.
கொத்துக் கடைப் பையன்கள் எண்ணியிருக்கிறார்கள்.
வியர்த்துத் தள்ளிக்கொண்டு வந்து
சாவியை மேசையில் போட்டான்.
"உன்ட பைக்குக்குப் பைத்தியம்."
நான் சோற்றிலிருந்து கண்ணெடுக்கவில்லை.

எல்லாம் இலாபம் என்று சொல்லமாட்டேன்.
முன்பெல்லாம் குழி வந்தால் மிதியில் எழும்பி நிற்பேன்,
குழி தன் பாட்டில் கீழே போய்விடும்.
இப்போது காலிரண்டும் எனக்கு முன்னால் போய்விட்டன,
எழும்ப எதுவுமில்லை.
பேஸ்லைன் வீதியின் ஒவ்வொரு பள்ளமும்
நாரியில் ஏறி
பல்வரை வந்து தன்னை அறிமுகம் செய்கிறது.
ஐஸ் பெட்டிக்கு மட்டும் கீழே பஞ்சு வைத்திருக்கிறேன்.

காற்று நேரே நெஞ்சில். மழை நேரே மடியில்.
பொரளைச் சிக்னலில்
பக்கத்து ஆட்டோக்காரர்
என் சப்பாத்தடியை முழுதாய் வாசிக்கலாம்:
தேய்ந்த குதி, ஒரு வெள்ளைக் கோடு.

பச்சை விழுந்தால், இன்னமும்,
இடது பாதம் முதலில் பின்னால்தான் போகிறது,
தகடு விடுகிற தூரம் வரைக்கும்.
காற்றில் கொஞ்சம் துழாவுகிறது.
பின்னால் பஸ் ஹோன் அடிக்கிறது.
முன்னே கொண்டுவந்து
பெருவிரலை அடியில் நுழைத்துத்
தூக்குகிறேன்.